மெட்ரோ வரும், நம் வாசல் வரை வருமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

நம் ஓ.எம்.ஆரில் மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. மாதவரம்–சிறுசேரி சிப்காட் தடம் இந்தச் சாலையிலேயே ஓடும். மாதவரத்திலிருந்து கிளம்பும் இன்னொரு தடம் சோழிங்கநல்லூரில் வந்து சேரும். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது இரண்டாம் கட்டத்துக்கான மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். இத்தனை செலவழித்தும், நிலையத்திலிருந்து ஐ.டி. பார்க்குக்கோ நம் கேட்டுக்கோ ஷேர் ஆட்டோதான் கதி என்றால் பைக்கை யார் விடுவார்கள்?

இணைப்பு ரயிலே போடலாமே என்கிறார்கள் சிலர். குருகிராமில் போட்டார்கள். டெல்லி மெட்ரோவின் சிக்கந்தர்பூர் நிலையத்திலிருந்து சைபர் சிட்டிக்கு 2013இல் ரேபிட் மெட்ரோ, தனியார் பணத்தில். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, கடன் ஏறியது, 2019இல் ஹரியானா அரசின் கைக்குப் போனது. லெட்ஜர் பார்த்தே வயதானவன் நான். வட்டி ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். ஆபீஸ் கூட்டம் ஓடாது.

மினி பஸ் அப்படியல்ல. ஆள் குறைந்தால் தடத்தை மாற்றலாம். ஆனால் கேட்கப் போகும்போது கையில் கணக்கு வேண்டும். யார், எத்தனை மணிக்கு, எங்கே போகிறார்கள் என்று எழுத சங்க அலுவலகத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போவதையும் எழுதுங்கள், ஐ.டி.காரர்கள் மட்டுமா பயணிகள்?

பின் கேட்டைத் திறந்தால் நிலையத்துக்கு நடை குறையும், செக்யூரிட்டி செலவு கூடும். அதை இன்றே ஓட்டுக்கு விடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.