உள்ளங்கையில் உருளும் சாக்லேட்



டிசம்பர் பிறந்துவிட்டது. கேக் கடை வாசல்களில் நட்சத்திரம் ஏறிவிட்டது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அதைத் தொட்டுக் காதலர் தினம் என்று பிப்ரவரி வரைக்கும் என் சமையலறையைத் தேடி வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான். "வீட்டிலேயே சாக்லேட் ட்ரஃபிள் செய்யக் கத்துக்கொடுங்க மேடம், அவருக்குக் கொடுக்கணும்." கேட்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அடுத்த வாக்கியத்தில்தான் மனம் சலித்துவிடும். "இதய வடிவ மோல்டு வாங்கிட்டேன், தங்க ரேக்கு வாங்கிட்டேன், காம்பவுண்டு சாக்லேட்டும் ஒரு கிலோ வாங்கி வச்சுட்டேன்."

அந்த மூன்றையும் எடுத்து ஓரமாக வையுங்கள். ட்ரஃபிளுக்கு மூன்றுமே வேண்டாம்.

ட்ரஃபிள் என்பது சாக்லேட், கிரீம். அவ்வளவுதான். இரண்டையும் கலந்தால் கனாஷ். கனாஷை உருட்டி, மேலே மெல்லியதாகச் சாக்லேட் பூசி, கோகோ தூளில் புரட்டினால் ட்ரஃபிள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1895 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரான்சின் ஷாம்பேரி நகரத்தில் லூயி துஃபூர் என்ற மிட்டாய்க்காரர் முதன்முதலில் செய்தார் என்று சொல்வார்கள். அந்தக் கதையையும் பலர் கேட்டிருப்பீர்கள். ஓக் மரத்தடி மண்ணைத் தோண்டி எடுக்கும் ட்ரஃபிள் காளானின் உருவம் அதற்கு. கோணல்மாணலாக இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். மோல்டில் வார்த்து, ஒரே அளவில், பளபளவென்று எடுத்து வைப்பதும் சாக்லேட்தான், ஆனால் ட்ரஃபிள் இல்லை. பிஸ்கட்டைப் பொடித்து, கண்டென்ஸ்டு மில்க் விட்டுப் பிசைந்த உருண்டையும் ட்ரஃபிள் இல்லை. குழந்தைகளுக்கு நல்ல பலகாரம் அது. செய்து கொடுங்கள். அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

காம்பவுண்டு விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தைப் படியுங்கள். 'கோகோ பட்டர்' என்று இருந்தால் சாக்லேட். அதற்குப் பதிலாக 'ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்' என்று இருந்தால் காம்பவுண்டு. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடம்பின் சூடு 37. அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்தவுடன் கரைந்து போகிறது, மெல்லவே வேண்டியதில்லை. காம்பவுண்டில் உள்ள கொழுப்பு அப்படி முழுதாகக் கரையாது. மேலண்ணத்தில் மெழுகுப் படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நம்மூர் வெயிலைத் தாங்கும், மோல்டிலிருந்து சுலபமாகக் கழன்று வரும், விலையும் குறைவு. கடைக்காரர்களுக்கு அது வசதி. அன்பானவருக்கு வாயில் கரையாத ஒன்றை எதற்குக் கொடுக்க வேண்டும்? பாக்கெட்டைத் திருப்புங்கள், கோகோ பட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி என் மனத்துக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீதி நேரத்தில் பெரும்பகுதி அவருக்குத்தான் போகும்.

ரொபேர் லேங்க்ஸ். பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பயோன் பக்கத்துக்காரர். 1929இல் பிறந்தவர், 2014இல் காலமானார். பிரான்சில் சாக்லேட் முதலில் காலூன்றிய ஊர் பயோன். 17ஆம் நூற்றாண்டிலேயே, ஐபீரிய நாடுகளிலிருந்து தப்பி வந்த யூதர்கள் அந்த வித்தையை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த மண்ணில் தொழில் பழகியவர் 1977இல் பாரிஸில் ஃபோபூர் சேன்ட் ஒனொரே தெருவில், முன்பு ஒயின் வைத்திருந்த ஓர் இடத்தைப் பிடித்து 'லா மெஸோன் து ஷொகொலா' என்று கடை திறந்தார். சாக்லேட்டுக்கென்றே ஒரு கடை. ஒயினுக்காகக் கட்டிய நிலவறையின் குளிர்ச்சி சாக்லேட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. பக்கத்திலேயே சால் ப்ளேயெல் இசையரங்கம். அவரோ ஓபரா பைத்தியம். தாம் செய்த சாக்லேட்டுகளுக்கு 'ரிகொலெத்தோ' என்றெல்லாம் ஓபராப் பெயர் வைத்தார். பாரிஸில் அவரைக் கனாஷின் மந்திரவாதி என்பார்கள்.

பயிற்சிக்காக நான் பாரிஸில் இருந்தபோது, எங்கள் சித்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு அந்தக் கடையின் ட்ரஃபிள் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். சித்தப்பா அவருக்கு வாங்கி வந்த பெட்டி அது. எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் என்றால் ரவையும் ரம்மில் ஊறிய பழமும் போட்ட புதுச்சேரி கேக்தான். சாக்லேட்டை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. கோகோ தூள் முதலில் கசந்தது. பல் பட்டதும் மெல்லிய ஓடு ஒன்று சட்டென்று உடைந்தது. உள்ளே இருந்தது நான் விழுங்குவதற்குள் தானே போய்விட்டது. "எங்க போச்சு?" என்று கேட்டேன். சித்தி சிரித்துக்கொண்டே, "அதான் சாக்லேட்" என்றார். இந்தத் தொழிலில் நான் நிலைத்து நிற்பதற்கு அந்த ஒரு வாய்தான் காரணம்.

லேங்க்ஸின் முறையில் மூன்று விஷயங்கள் எனக்கு முக்கியம். ஒன்று, கிரீமை மூன்று முறை பொங்கவிட்டு இறக்குவார். அப்படிச் செய்தால் கனாஷ் கூடுதல் நாள் கெடாமல் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. காய்ச்சும்போது கொஞ்சம் வற்றும், அதனால் முதலிலேயே சற்றுக் கூடுதலாக ஊற்றிக்கொள்ள வேண்டும். சின்னப் பாத்திரமாக எடுத்தால் வற்றுவது குறையும்.

இரண்டாவது, கிளறும் விதம். பொடியாக நறுக்கிய சாக்லேட்டின் மேல் சூடான கிரீமை ஊற்றிவிட்டு, விஸ்கை நடுவில் வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். அடிக்கக் கூடாது, அடித்தால் காற்று ஏறிவிடும். நடுவில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போக வேண்டும். முதல் அரை நிமிஷம் பார்க்கவே பயமாக இருக்கும். திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாக, எண்ணெய் தனியாக நிற்கும். விடாமல் நடுவிலேயே சுற்றுங்கள். நடுவில் ரூபாய்க் காசளவுக்கு ஒரு கருமை பளபளவென்று தோன்றும். அதுதான் கனாஷ் கூடி வருகிற இடம். கோகோ வெண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து, கிரீமில் இருக்கும் தண்ணீருக்குள் பரவி நிற்கிறது. அந்தப் பளபளப்பை ஓரம்வரை விரித்துக்கொண்டு போங்கள். அதையும் மீறிப் பிரிந்துவிட்டால் தூக்கிக் கொட்டிவிடாதீர்கள். வெதுவெதுப்பான பால் ஒரு ஸ்பூன் விட்டு, மறுபடி நடுவிலிருந்து சுற்றுங்கள், சேர்ந்துவிடும். மறுபடி சொல்கிறேன்: நடுவிலிருந்து ஓரத்துக்கு. அடிக்கக் கூடாது.

மூன்றாவது விஷயம்தான் என் உயிர். கையால் பூசுவது.

கனாஷ் இறுகியதும் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்து, ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். இதற்கிடையில் இன்னும் கொஞ்சம் சாக்லேட்டை உருக்கிக்கொள்ளுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் சாக்லேட் கட்டிதட்டிவிடும், கவனம். உருகியதை லேங்க்ஸ் கரண்டியால் ஊற்ற மாட்டார், அதில் உருண்டையை முக்கி எடுக்கவும் மாட்டார். கையுறை போட்ட உள்ளங்கையில் கொஞ்சம் தடவிக்கொண்டு, குளிர்ந்த உருண்டையை அதில் வைத்து உருட்டுவார். முக்கினால் ஓடு தடித்துவிடும். உள்ளங்கையில் உருட்டினால் காகிதக் கனத்துக்குத்தான் ஒட்டும். என் சித்தி வீட்டில் சட்டென்று உடைந்ததே, அந்த ஓடு இப்படி வந்ததுதான்.

கையில் தடவிய சாக்லேட் ஈரமாக மின்னிக்கொண்டிருக்கும். உருண்டை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் குளிர் ஏறி, மினுமினுப்பு மங்க ஆரம்பிக்கும். மங்குகிற அந்த நொடியில் கோகோ தூளுக்குள் போட்டுவிட வேண்டும். பிந்தினால் தூள் ஒட்டாது. முந்தினால் தூளும் சாக்லேட்டும் குழைந்து சேறாகிவிடும். தூளில் கிடப்பதை ஒரு முள்கரண்டியால் புரட்டி எடுத்து, சல்லடையில் போட்டு லேசாக ஆட்டினால் அதிகப்படித் தூள் உதிர்ந்துவிடும்.

இப்போது யோசியுங்கள். ஒரு கை முழுக்கச் சாக்லேட். அந்தக் கையால் கோகோவைத் தொட முடியாது, முள்கரண்டியைப் பிடிக்க முடியாது. மறு கை ஃப்ரீசர் தட்டிலிருந்து உருண்டையை எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கோகோவில் புரட்டுவது யார்? கிட்டத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். லேங்க்ஸ் முறை வீட்டுச் சமையலறைக்கு வந்தால் அது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் உருட்ட வேண்டும், ஒருவர் புரட்ட வேண்டும்.

அதனால் ரகசியமாகச் செய்து, ரிப்பன் கட்டி நீட்ட வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் வகுப்புக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். மனைவிக்குத் தெரியாமல் கற்றுக்கொள்ள வந்தாராம். "அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க ஐயா" என்றேன். மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். அவர் உருட்ட, அந்த அம்மா முள்கரண்டியோடு நின்று, "ஏங்க, இன்னும் மினுமினுன்னு இருக்கு, இருங்க... ம், இப்பப் போடுங்க" என்று அவரை வேலை வாங்கினார். முதல் ட்ரஃபிளை யார் சாப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் ஒரு சின்னத் தகராறு வேறு. அதைவிட நல்ல கிறிஸ்துமஸ் பரிசு எனக்குத் தெரிந்து இல்லை. ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பார்கள், ஆண்கள் மார்ச் 14 அன்று பதிலுக்குக் கொடுப்பார்கள். அழகான வழக்கம்தான். ஒரு மாதம் எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஒரே மாலையில் இரண்டு பேரும் செய்துவிடலாமே.

அளவைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். லேங்க்ஸ் எடுத்தது வல்ரோனா நிறுவனத்தின் 56 சதவீதக் கோகோ உள்ள சாக்லேட். நாம் 55, 60 சதவீத டார்க் சாக்லேட் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். உள்ளே 200 கிராம், மேலே பூச 75 கிராம். கிரீம் 35 சதவீதக் கொழுப்புள்ளதாகக் கிடைத்தால் 140 மில்லி. நம் கடைகளில் சின்ன அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதை 140 ஊற்றினால் கனாஷ் இறுகாது. 110 மில்லி போதும், உப்பில்லாத வெண்ணெய் ஒரு ஸ்பூன் கடைசியில் சேர்த்துவிடுங்கள். கோகோ தூள் இனிப்பில்லாததாக இருக்கட்டும். பாலில் கலக்கும் ட்ரிங்கிங் சாக்லேட் பொடியில் சர்க்கரை இருக்கிறது. அதில் புரட்டினால் வாயில் முதலில் படும் அந்தக் கசப்பு போய்விடும். அந்தக் கசப்பு வேண்டும்.

சாக்லேட்டுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ காய்க்கிறது, இடுக்கியில் காய்க்கிறது. நம் பக்கத்திலேயே ஆரோவிலில் 'மேசன் அண்ட் கோ' கோகோ விதையிலிருந்தே டார்க் சாக்லேட் செய்கிறார்கள். இந்த மண்ணின் கோகோவில் லேசான பழப்புளிப்பு உண்டு. கிரீமோடு சேரும்போது எனக்கு அது மிகவும் பிடிக்கும். சாக்லேட்டின் சதவீதம் ஏற ஏறக் கனாஷ் கூடுதலாக இறுகும், அதற்குத் தகுந்தாற்போல் கிரீமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாசனை சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். நான் சேர்க்க மாட்டேன். பான், குல்கந்து, பபிள்கம், இப்போது துபாயிலிருந்து வந்த பிஸ்தா குனாஃபா என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்று கிளம்புகிறது. சாக்லேட் எங்கே என்று அதற்குள் தேட வேண்டியிருக்கிறது. லேங்க்ஸும் புதினா சேர்த்தார், எலுமிச்சைத் தோல் சேர்த்தார். ஆனால் கிரீமில் ஊறவைத்து, வடிகட்டி எறிந்துவிடுவார். வாசனை மட்டும் நிற்கும், சாக்லேட்தான் முன்னால் இருக்கும். ஆசையாக இருந்தால் வறுத்த காபிக் கொட்டையை ஒன்றிரண்டாகத் தட்டி, சூடான கிரீமில் பத்து நிமிஷம் போட்டு வடிகட்டுங்கள். டிகாக்‌ஷன் ஊற்றாதீர்கள், அது தண்ணீர்.

வெயில் ஊரில் இதைச் செய்ய முடியுமா என்றால், முடியும். டிசம்பரும் ஜனவரியும் நமக்கு நல்ல மாதங்கள். அடுப்பு வேலை முடிந்து சமையலறைச் சூடு தணிந்த பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். கனாஷை வெளியே வைத்து இறுகக் காத்திருக்காமல் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கோகோவைக் கொட்டுங்கள், இல்லாவிட்டால் வீடெல்லாம் தூள். ஐந்து, ஆறு உருண்டையாக மட்டும் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுங்கள். மொத்தத்தையும் எடுத்து வைத்தால் வேர்த்துவிடும்.

முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இது கிரீம் பண்டம், கூரியரில் அனுப்பாதீர்கள். சாப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் டப்பாவை மூடியோடு வெளியே எடுத்து வையுங்கள். உடனே திறந்தால் ஈரம் கோர்த்துக் கோகோ கறுத்துவிடும். பத்து நிமிஷம், மூடியைத் திறக்காமல். பிறகு ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே காபி வேண்டாம், தண்ணீர் போதும்.