சிறு கோப்பும் பெரும் பொறுப்பும்



சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில் உள்ளது சூளூர்பேட்டை. அதற்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 1993 செப்டம்பர் 20 அன்று முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் எழுந்தது, செயற்கைக்கோளோ சுற்றுப்பாதையை அடையவில்லை. ராக்கெட்டின் கணிப்பொறியில் ஓர் எண் தனக்குரிய வரம்பைக் கடந்ததும் அதற்கு ஒரு காரணம். பிழை திருத்தப்பட்டது, 1994 அக்டோபர் 15 அன்று அடுத்த ராக்கெட் வெற்றி கண்டது.

இப்பாடம் ராக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறித் தொழிலில் உள்ள நாம், மென்பொருளோடு இணையும் செருகுநிரல்களுக்கு அமைவுக் கோப்பு எழுதுகின்றோம். அதில் இருப்பவை சில சொற்களும் எண்களுமே. எனினும் நாம் கருதுவது ஒன்று, பொறி கொள்வது வேறொன்று ஆகலாம். 'யாமல்' என்னும் கோப்பு முறையின் பழைய விதிப்படி, நார்வே நாட்டைக் குறிக்கும் 'என்.ஓ.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் புள்ளியும் மேற்கோள் குறியும் இன்றிச் சேர்த்து எழுதினால், பொறி அதனை 'இல்லை' என்றே கொள்ளும்!

ஆதலின் சொற்களை மேற்கோளுக்குள் இடுவோம். எண்ணின் அருகே அதன் அலகையும் வரம்பையும் குறிப்போம். பயனுக்கு விடுமுன் சோதிப்போம். பின்னர் வருபவர் நம்மை வாழ்த்துவர்.