தடுப்புக்கு இந்தப் பக்கம்: ரயில் கட்டும் நகரத்தில் நம் நேரம்



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவுக்கு மெட்ரோ ரயில் வேலையையும் போக்குவரத்து நெரிசலையும் பொருளாக எடுத்துக்கொள்கிறோம் என்றதும் நம் அமைப்பிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். இலக்கிய மேடையில் ரோடு கான்ட்ராக்ட் பேச்சு எதற்கு என்று கேட்டார்கள். தாத்தாவின் வாழ்க்கையில் சாலைக்கு இருந்த இடத்தை எடுத்துச் சொல்லித்தான் அவர்களைச் சம்மதிக்க வைத்தோம்.

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தாத்தா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றுக்கும் போகலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. மண் சுமந்து நாம் போட்ட சாலையில் நாம் நடக்க ஓர் அரசாணை தேவைப்பட்டிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று நாம் கூடியிருக்கும் இந்த அரியூருக்கு அந்த ஆணை செல்லாது. அப்போது இது பிரெஞ்சு மண். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒரே சாலையில் நடந்து வந்தவர், கண்டமங்கலத்தில் வெள்ளைக்காரன் சட்டத்திலும் அரியூரில் பிரெஞ்சுக்காரன் சட்டத்திலும் கால் வைத்தார். சேரிக்காரர் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே பார்வைதான்.

நடக்க உரிமை வந்த கொஞ்ச காலத்தில் பஸ் வந்துவிட்டது. நம்மவர்களை ஏற்ற மாட்டோம் என்று தனியார் பஸ் முதலாளிகள் சொன்னார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படிச் செய்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

அம்பேத்கர் தன் சிறுவயதுப் பயணம் ஒன்றை எழுதியிருக்கிறார். 1901இல், ஒன்பது வயதில், அப்பாவைப் பார்க்க கோரேகானுக்குப் போகிறார். ரயில் அவரை மசூர் நிலையம் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அங்கிருந்து போக மாட்டுவண்டி கிடைக்கவில்லை. தீட்டு என்று எந்த வண்டிக்காரரும் வரவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்வது, வண்டிக்காரர் கூடவே நடந்து வருவது என்று ஏற்பாடாயிற்று. நிலையத்திலிருந்து வீடு வரையிலான தூரத்தை இன்றைக்குப் போக்குவரத்துத் துறையில் கடைசி மைல் என்கிறார்கள், அதற்குக் கருத்தரங்கமெல்லாம் நடத்துகிறார்கள். அந்தக் கடைசி மைலுக்கு இரண்டு மடங்கு கட்டியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். இன்று நாம் கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விதான்: நகரம் ரயில் கட்டும்போது கூடுதல் கூலியை யார் கட்டுகிறார்கள்?

சென்னைக்குப் போவோம். அங்கே மெட்ரோவின் முதல் கட்ட வேலை 2009இல் தொடங்கியது. 2015 ஜூனில் முதல் ரயில் ஓடியது. முழுப் பாதையும் திறக்க 2019 பிப்ரவரி ஆயிற்று. பத்து வருடம். அண்ணா சாலையின் ஒரு பகுதி வருடக்கணக்கில் ஒருவழிப் பாதையாகக் கிடந்ததை அங்கே படித்த நம் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஏப்ரலில் அதே சாலையில் பள்ளம் விழுந்து ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் உள்ளே இறங்கின. இப்போது நடப்பது இரண்டாம் கட்டம்: மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2025 ஜூனில் பூந்தமல்லி சாலைப் பக்கம் உத்திரம் சரிந்து, கீழே இருசக்கர வாகனத்தில் போய்க்கொண்டிருந்த ஒருவர் உயிரிழந்தார்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உயர்த்தப்பட்ட பாதை என்றால் சாலை நடுவில் தூண். அதற்கு நடுத் தடங்களைத் தகரத் தடுப்பு வைத்து அடைப்பார்கள். சுரங்கப் பாதையில் ரயில் போகும் குழாயை இயந்திரம் அடியிலேயே தோண்டிவிடும், மேலே தெரியாது. நிலையத்தை அப்படிக் கட்ட முடியாது. மேலிருந்துதான் பெரும்பாலும் தோண்ட வேண்டும். அதற்கு முன்னால் அங்கே ஓடும் சாக்கடை, குடிநீர், மின்சாரம் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். ஆகவே நெரிசல் கூடிக் கிடக்கும் சந்திப்புகளிலேயே சாலை பல வருடங்களுக்கு அடைபடும். வண்டிகளை உள்தெருக்களில் திருப்பி விடுவார்கள். கார் எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வந்துவிடும், பைக் இன்னும் சுலபம். பேருந்தால் முடியாது. அதனால் பேருந்து சுற்றிப் போகும், அல்லது பாதி வழியில் திரும்பிவிடும். நிறுத்தம் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போகும், புது இடத்தில் நிழற்குடை இருக்காது. நெரிசல் எல்லோருக்கும் பொது என்று தொலைக்காட்சியில் சொல்வது இந்த இடத்தில் பொய்யாகிவிடுகிறது.

மூன்றாம் வழித்தடத்தின் தெற்குப் பாதியை வரைபடத்தில் பாருங்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வரை தரைக்கு அடியில் வந்து, பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் தூண்மேல் ஏறி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி வழியாகச் சிறுசேரிக்குப் போகிறது. துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் இருக்கிறது, பதினைந்தாயிரம் வீடுகளுக்கு மேல். அதற்குத் தெற்கே செம்மஞ்சேரிக் குடியிருப்பு. சோழிங்கநல்லூரிலிருந்து மேற்கே திரும்பினால் பெரும்பாக்கம், அங்கே இருபதாயிரத்துக்கும் மேல். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பக்கிங்காம் கால்வாய்க் கரை, கூவக் கரை, அடையாற்றுக் கரை. அந்தக் கால்வாயில் தூண் ஊன்றி 1995இலிருந்து பறக்கும் ரயில் ஓடுகிறது, 2007இல் வேளச்சேரி வரை நீண்டது. அதற்காகவும் கரையோரக் குடிசைகள் எடுக்கப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரும்பகுதி நம் மக்கள். வீட்டைத்தான் மாற்றினார்கள். பிழைப்பு மயிலாப்பூரிலும் அடையாறிலும்தான் இருக்கிறது.

சென்ற வருடம் நாங்கள் சிலர் கண்ணகி நகரில் தோழர்கள் வீட்டில் தங்கி, விடியற்காலைப் பேருந்தில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களோடு மந்தைவெளி வரை போனோம். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் சொன்னார்: “மூணு வூடு வெச்சிருந்தேன். பஸ்ஸு ஊர்ந்து போயி அரை மணி லேட்டாச்சுன்னா, அந்தம்மாவே பாத்திரத்தக் கழுவி வெச்சிடும். நாலு நாள் கழுவுச்சு, அஞ்சாம் நாள் நீ வேணாம்னுடுச்சு. இப்ப ரெண்டு வூடுதான்.” ரயில் வந்துவிட்டால் சரியாகிவிடுமே என்றோம். சிரித்தார். “லேடீஸுக்கு பஸ்ஸு ஃப்ரீ. ரயிலுக்குக் காசு குடுக்கணுமே தம்பி.” இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் நாங்கள் சமூகவியல் வகுப்பில் எதையும் கற்றுக்கொண்டதில்லை என்று தோன்றியது. கரையில் இருந்தபோது ரயிலுக்காக இடம் கொடுத்தவர்கள், இருபது கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகும் ரயிலுக்காக நேரம் கொடுக்கிறார்கள். ஏறும் இடத்திலும் தடுப்பு, இறங்கும் இடத்திலும் தடுப்பு.

இந்த அக்காவின் அரை மணி நேரம் எந்த அறிக்கையிலும் ஏன் வருவதில்லை? பொறியாளர்கள் சாலையை எண்ணும் முறையைப் பாருங்கள். பயணிகள் கார் அலகு என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு கார் ஒன்று. பைக்கும் சைக்கிளும் சுமார் அரை. பேருந்து சுமார் மூன்று. அதாவது அறுபது பேரைச் சுமந்து வரும் பேருந்து, மூன்று கார் அடைக்கும் இடத்தை அடைக்கிற ஒரு தொந்தரவு. உள்ளே எத்தனை பேர் என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. நடந்து போகிறவருக்கு அதில் எண்ணே கிடையாது. சாதியை மனதில் வைத்து யாரும் இதைச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படி வைக்காமலே விளைவு அதேதான்.

டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், பேருந்துக்கென்று தனித்தடம் போட்டார்கள். கார்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. செல்வத்தை உருவாக்குகிறவர்கள் காரில் காத்துக் கிடக்கிறார்கள் என்ற வாதம் அங்கே வைக்கப்பட்டது. பாத்திரம் கழுவுகிறவர் எதை உருவாக்குகிறாராம்? 2012இல் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்து பேருந்துத் தடத்தைக் காப்பாற்றியது. வழக்கில் ஜெயித்த தடத்தை, சில ஆண்டுகளில் அரசே பெயர்த்துப் போட்டது. நமக்கு அங்கே ஆள் இல்லை. பேருந்தில் நின்றவர்கள் சங்கமாக இல்லை.

ரயில் வேண்டாம் என்று நாம் பேசுவதாக யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. விழுப்புரம் - புதுச்சேரி ரயில் 1879இலிருந்து ஓடுகிறது. டிக்கெட் வாங்கியவர் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சகித்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை நம் ஊருக்கு அந்த வண்டியும் சொல்லிக்கொடுத்தது. நல்ல ரயில் வரட்டும். அது கட்டப்படும் பத்து வருடமும் வாழ்க்கைதான் என்கிறோம். மிச்சம் இருக்கும் தடத்தில் முதலில் பேருந்துக்கு வழி விடுங்கள், நிறுத்தத்தை மாற்றினால் பேருந்தில் வருகிறவர்களைக் கேட்டு மாற்றுங்கள், ரயில் வந்த பிறகு பேருந்தைக் குறைக்காதீர்கள் என்கிறோம். 63,246 கோடி ரூபாய் வேலையில் இது பெரிய செலவு ஆகாது.

சரி, புதுச்சேரிக்கு மெட்ரோ வரப்போகிறதா? இப்போதைக்கு வராது. மதுரை, கோவைத் திட்டங்களையே 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. நம் தலையில் இறங்குவது மேம்பாலம். இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரை, 436 கோடி ரூபாய், 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். இரண்டு சிலைக்கும் நடுவில் காரில் போகிறவர்களுக்கு அது நல்ல பாலமாகத்தான் இருக்கும்.

நாம் எங்கே வருகிறோம்? அரியூர், வில்லியனூர், அரும்பார்த்தபுரம், மூலக்குளம், ரெட்டியார்பாளையம் என்று வரும் ஒவ்வொரு பஸ்ஸும் இந்திரா காந்தி சிலையில் அந்தப் பாதையைக் குறுக்கே கடந்துதான் நெல்லித்தோப்புக்குள் நுழைகிறது. பெரிய மார்க்கெட்டுக்குக் கீரைக் கட்டு கொண்டுபோகும் நம் தாய்மார்கள், துணிக்கடையில் நிற்கும் பெண்கள், ஓட்டல் வேலைக்குப் போகும் தம்பிகள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பஸ்ஸில்தான். பாலத்தின் மேல் அவர்கள் ஏறப் போவதில்லை. தூண் ஊன்றும் வருடங்களில் அடியில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள். இங்கே ஓடுவதில் பெரும்பாலானவை தனியார் பஸ். நெரிசலில் ஒரு டிரிப் குறைந்தால் முதலாளி நட்டம் பார்ப்பார், ஊருக்குள் வருவதை நிறுத்திவிட்டு மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுவார். கண்டமங்கலத்தில் ரயில் பாதைக்கு மேல் பாலம் கட்டியபோது சுற்றிப் போன அனுபவம் நமக்கு இருக்கிறது. அப்போது எவ்வளவு நேரம் போயிற்று, எத்தனை நாள் கூலி போயிற்று என்று நாம் எழுதி வைக்கவில்லை. கோபப்பட்டோம், பழகிக்கொண்டோம். அது நம் தவறு என்றே நினைக்கிறோம். மனு எழுத உட்கார்ந்தபோது கையில் ஒரு எண்கூட இல்லை.

இந்த முறை அப்படி விட வேண்டாம். தாத்தா சட்டமன்றத்தில் எழுந்தபோது கையில் தீர்மானம் வைத்திருந்தார். நமக்கு ஒரு நோட்டு போதும். இங்கே வந்திருக்கும் மாணவர்களில் இருபது பேர் கிடைத்தால், அரியூர் நிறுத்தத்திலும் வில்லியனூரிலும் இந்திரா காந்தி சிலையிலும் ஒரு வாரம், காலை ஆறிலிருந்து பத்து வரை நின்று எழுதலாம்: பஸ் வந்த நேரம், உள்ளே நின்றவர்கள் எத்தனை பேர், சிலையைக் கடக்க எத்தனை நிமிடம், இறங்கியவர் எங்கே வேலைக்குப் போகிறார். கார்களையும் எண்ணுங்கள், ஆனால் காருக்குள் இருக்கும் தலைகளை எண்ணுங்கள். வேலை வேகம் பிடிப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு, தடுப்பு வைத்த பிறகு மாதம் ஒரு கணக்கு. அதோடு பொதுப்பணித் துறையிடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் போவோம். பெயர் கொடுப்பதற்கான தாள் வாசலில், புத்தக மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அரியூர் நிறுத்தத்தில் சந்திப்போம். முதல் பஸ்ஸைத் தவற விடாதீர்கள்.