கூடிச் சமைக்கும் மரபு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உலக மக்களின் உணவு மரபுகளைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்துள்ளனர். தலைப்போ கடல் போன்றது; தந்த நேரமோ சிறிது. அதிலும் விருந்துக்கு முன் பேச நிறுத்திவிட்டார்கள். பசித்த அவையினர் நீண்ட பேச்சை மன்னிப்பதில்லை. ஆதலின் நாடு நாடாக ஓடாமல், ஒரு நாட்டின் ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கொரிய மக்களின் கிம்ஜாங் என்பதே அது.

கிம்ச்சி என்ற உணவை இன்று நம் பிள்ளைகளும் அறிவர். காயை உப்பிலிட்டு, காரம் கூட்டி, புளிக்க வைப்பது. நம் ஊறுகாய்க்கு உறவு எனலாம். ஆயினும் அவர்கள் அதனைத் தொட்டுக்கொள்வதில்லை, கறியாகவே உண்பர். குளிர்காலத்திற்கு வேண்டிய கிம்ச்சியை ஆண்டுக்கு ஒருமுறை உற்றாரும் அயலாரும் ஒன்றுகூடிச் செய்து பகிர்ந்துகொள்வதற்கே கிம்ஜாங் என்று பெயர்.

அதற்கான வேலை ஆண்டு முழுவதும் நடைபெறுகிறது. இளவேனிலில் இறாலும் நெத்திலியும் வாங்கி உப்பிட்டு வைப்பர். கோடையில் கடலுப்புச் சேர்ப்பர். கோடை முடிவில் மிளகாயை உலர்த்திப் பொடிப்பர். குளிர் தொடங்குமுன் நல்ல நாள் பார்த்து எல்லாரும் கூடுவர். நீண்ட சீன முட்டைக்கோசைப் பிளந்து, உப்புநீரில் ஓர் இரவு ஊறவிட்டு, கழுவி வடிப்பர். முள்ளங்கித் துருவல், மிளகாய்ப் பொடி, பூண்டு, இஞ்சி, உப்பிட்ட மீன் ஆகியவற்றைப் பிசைந்து, இலைக்கு இலை விலக்கித் தடவுவர். பிறகு மட்சாடிகளில் அடுக்கி, முற்றத்து மண்ணில் கழுத்தளவு புதைப்பர். நிலத்தின் அடியில் இருப்பதால் அது உறைந்தும் போகாது, அளவுக்கு மிஞ்சிப் புளித்தும் போகாது. இன்று உங்கள் வீட்டில் நாங்கள், நாளை எங்கள் வீட்டில் நீங்கள் என்பதே கூலி. அன்று செய்த புதுக் கிம்ச்சியோடு வேகவைத்த இறைச்சியும் உண்டு, ஆளுக்கொரு பங்கு எடுத்துச் செல்வர். வறியவர் வீட்டிற்கும் ஒரு பங்கு போகும்.

உலக மக்களின் வாழும் மரபுகளைப் பேணுவதற்காக யுனெஸ்கோ 2003ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை வகுத்தது. அதன் பட்டியலில் தென்கொரியாவின் கிம்ஜாங் 2013ஆம் ஆண்டில் இடம்பெற்றது. பதிவு செய்யப்பட்ட பெயரைக் கூர்ந்து நோக்க வேண்டும். கிம்ச்சி என்னும் பண்டம் அன்று. கிம்ச்சியைச் செய்தலும் பகிர்தலும் என்பதே அங்குள்ள பெயர். 2015ஆம் ஆண்டில் வடகொரியாவின் கிம்ச்சி செய்யும் மரபும் அப்பட்டியலில் சேர்ந்தது. எல்லையில் துப்பாக்கி ஏந்தி நிற்கும் இரு நாடுகளுக்கும் சாடி ஒன்றுதான்.

நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் கேட்க வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. 1937ஆம் ஆண்டில் ஸ்டாலினின் ஆணைப்படி, சோவியத்து நாட்டின் கீழைக் கோடியில் வாழ்ந்த கொரியர் ஏறத்தாழ 1,70,000 பேர் புகைவண்டிகளில் ஏற்றப்பட்டு, பல்லாயிரம் கல் தொலைவில் உள்ள கசக்சுத்தானுக்கும் உசுபெக்சுத்தானுக்கும் கொண்டுபோய் விடப்பட்டனர். நாமோ வேலை தேடி, விரும்பி வந்தவர்கள். அவர்களுக்கு அந்த உரிமையும் இல்லை. சென்ற இடத்தில் பழகிய முட்டைக்கோசு எளிதில் கிடைக்கவில்லை. காரட் மிகுதியாகக் கிடைத்தது. அதையே மெல்லிய இழைகளாகச் சீவி, உப்பும் பூண்டும் மிளகாயும் சேர்த்து, அந்நாட்டுக் கொத்துமல்லி விதையையும் பொடித்துத் தூவிக் கலந்தனர். மார்க்கோவ்சா என்று அதற்குப் பெயர். முற்பாதி காரட்டைக் குறிக்கும் ருசியச் சொல்; பிற்பாதி கொரியம். அது கொரிய மண்ணில் பிறந்த உணவு அன்று. எனினும் இன்று மத்திய ஆசியச் சந்தைகளிலும் ருசியாவிலும் கொரியக் காரட் என்றே விற்கப்படுகிறது.

காய் மாறினால் மரபு கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையேயும் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொரியர்க்கும் நமக்கும் அது கொலம்பசின் பயணத்திற்குப் பின் வந்து சேர்ந்ததே. நாம் அதற்கு மிளகின் பெயரையே இட்டு வீட்டுப் பிள்ளை ஆக்கிக்கொண்டோம். இவ்வடபுல நகரத்தில் பச்சை மொச்சை கிடைக்காமையால் பொங்கல் கூட்டுக்கு நம் மூத்த தலைமுறையினர் பச்சைப் பட்டாணியை இட்டனர். தை மாதக் குளிரில் இட்டலி மாவு புளிக்க மறுத்தபோது பானைக்குக் கம்பளி போர்த்தினர். இவற்றால் நம் அடுப்பு அயலாருடையது ஆகிவிடவில்லை.

பின் எதனால் ஆகும்? சென்ற மூன்று ஆண்டுகளாக நம் சங்கப் பொங்கலைச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம். தீர்மானத்திற்குக் கை தூக்கியவர்களுள் நாமும் உண்டு. பிறர்மேல் பழி சொல்வதற்கில்லை. மூத்தவர்க்கு முழங்கால் வலி. இளைய பெண்டிர்க்கு அலுவலகம். பண்டமும் சுவை குன்றவில்லை. முந்திரி முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆனால் இவ்வாண்டு தை முதல் நாளில், மூடியிட்ட பெரிய பாத்திரங்களில் பொங்கல் வந்து இறங்கியபோது, ஒரு குழந்தை தன் தாயிடம், “பொங்கலோ பொங்கல் என்று எப்போது கூவ வேண்டும்?” என்று கேட்டது. அருகில் நின்ற நம்மில் ஒருவரும் விடை கூறவில்லை. பிறகு ஒலிபெருக்கியில் ஒருவர் கூவ, எல்லாரும் கூவினோம். பால் எங்கும் பொங்கவில்லை.

இதில் மறைக்கக் கூடாத உண்மை ஒன்றுண்டு. கூடிச் சமைத்தோம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்நாளில் சமைத்தவர் பெண்டிர், கூடியிருந்தவர் ஆடவர். நாம் திண்ணையில் அரசியல் பேசிக்கொண்டிருந்தோம். கொரியாவிலும் கிம்ஜாங் என்றாலே மருமகள்களுக்கு முதுகுவலி என்ற முறையீடு உண்டு. இளைய குடும்பங்கள் பல இன்று கடையில் வாங்கிவிடுகின்றன. பாதிப் பேர் தோளில் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு, மரபு அழிகிறதே என்று மீதிப் பேர் வருந்துவது நேர்மை ஆகாது.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். சோறு, சாம்பார், பாயசம் முதலியன ஒப்பந்தக்காரரிடமே இருக்கட்டும். சருக்கரைப் பொங்கலையும் கூட்டையும் மட்டும் வரும் தை முதல் நாளில் நம் கையால், திறந்த திடலில், விறகு மூட்டிச் செய்வோம். போகியன்று மாலை அரிவாள்மனையும் துருவுபலகையும் உள்ளவர்கள் எடுத்து வருக. பட்டாணி உரிப்பது, தேங்காய் துருவுவது, வெல்லம் தட்டுவது ஆகிய மூன்றும் ஆடவர் பொறுப்பு. குழந்தைகளை அடுப்பின் அருகில், பானை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நிறுத்துவோம்.

தேங்காய் துருவி அறியாத ஆடவர் சற்று முன்னதாகவே வந்துவிடுக. கற்றுத்தர நம் சங்கத்துப் பாட்டிமார் நால்வர் இசைந்துள்ளனர்.