கோல் காவலர் ஆறுமுகம்

ஆர். ஆறுமுகம் 1953இல் போர்ட் கிள்ளானில் பிறந்தவர். 1973 முதல் 1986 வரை மலேசியத் தேசியக் காற்பந்து அணியின் கோல் காவலர். மாநில அளவில் சிலாங்கூரின் ஆட்டக்காரர். நீண்ட கைகளும் பந்தை நோக்கிப் பாயும் வேகமும் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்ற பட்டப்பெயரைத் தந்தன.

கோல் வாயின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கோட்டின் மேலேயே நின்றுகொண்டு அதை மறைக்க எந்தக் கையாலும் முடியாது. எதிரணியினர் பந்தோடு நெருங்கும்போது கோல் காவலர் முன்னேறி வர வேண்டும்; அவர் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் அடிப்பவரின் கண்ணுக்குத் தெரியும் வலை சுருங்கும். ஓரடி கூடுதலாக வந்துவிட்டால் பந்து தலைக்கு மேலாகப் போய் விழும். எப்போது புறப்படுவது என்று தீர்மானிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. பல ஆண்டுகள் ஆடித்தான் அந்தக் கணிப்பு கைவரும். கோல் காவலர்கள் மற்றவர்களைவிட நெடுங்காலம் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறுமுகத்தின் காலத்து மலேசிய அணி 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலமும், 1977, 1979 தென்கிழக்காசியப் போட்டிகளில் தங்கமும் வென்றது. 1980 ஏப்ரலில், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், தென் கொரியாவை 2–1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. வெற்றி கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. போராடிப் பெற்ற இடம் பயன்படாமலே போயிற்று. மலேசிய ஆண்கள் அணிக்கு அதன்பின் அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. அப்போது ஆறுமுகத்துக்கு வயது 27. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் அவர் நாட்டுக்காக ஆடினார் என்பது, அவர் வென்ற பதக்கங்களுக்குக் குறையாத பெருமை.

இன்றைய ஆட்டக்காரர்களின் நிலை வேறு. கெலாங் பாத்தாவை அடுத்து, இஸ்கந்தர் புத்திரியில் 2020இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராகிம் அரங்கு உள்ளது. அங்கே ஆடும் ஜொகூர் டாருல் தாக்சிம் அணியினருக்குக் காற்பந்தே முழுநேரத் தொழில். ஆறுமுகத்தின் தலைமுறைக்கு அந்த வசதி இல்லை. மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறைக் காற்பந்து 1989இல் தொடங்கி, 1994இல்தான் முழுத் தொழில்முறையானது. அதற்கு முன்பே, 1988 டிசம்பரில், சாலை விபத்தில் அவர் இறந்தார், வயது 35.

இன்று பலர் அவரை 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தின் வழியே அறிந்திருப்பர். 1980 அணியின் கதையைத் தழுவிய அந்தப் படத்தில், முத்து என்னும் கோல் காவலர் பாத்திரத்துக்கு முன்மாதிரி ஆறுமுகமே.