ஓமந்தூரிலிருந்து வடலூருக்கு

தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு விடிகாலைதான் தோது. ஆனால் பாருங்கள், இரண்டு வரி எழுதுவதற்குள் பால்காரர் மணி அடிப்பார், மோட்டார் போட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். அதற்குள் வரி ஓடிவிடும்.

தனிமை என்றால் எனக்கு ஓமந்தூர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருவார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை விளையும் ஊர். அங்கே பிறந்த விவசாயி ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1947-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று முதலமைச்சருக்கு அதுதான் பெயர்.

அவர் ஆட்சியில், 1949 மார்ச்சில், பாரதியார் பாடல்களை அரசே ஏற்று எல்லோருக்கும் பொதுவாக்கும் முடிவு வந்தது. ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த படத் தயாரிப்பாளர் ஏவி.எம். அதைப் பணம் வாங்காமலே கொடுத்தார். தனிமையில் பிறந்த பாட்டு தெருவுக்கு வந்தது அப்படித்தான்.

அடுத்த மாதமே ரெட்டியார் பதவியை விட்டார். பிறகு வள்ளலாரின் வடலூருக்குப் போய்ச் சேர்ந்தார். தனிமைதான், ஆனால் ஆளில்லாத தனிமை அல்ல. அங்கே பசித்தவர்களுக்குச் சோறிடும் தருமசாலையின் அடுப்பு 1867-இல் மூட்டியது. இன்று காலையும் எரிகிறது.