கார் வைத்திருப்பவர் நடந்து வருவாரா?

(டெல்டா மாவட்டங்களின் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய வாசிப்பு வட்டமொன்றில், தஞ்சாவூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகுத்தறிவு என்ற சொல்லை இந்த மண்ணில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1934ல் பெரியார் அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார். சாத்திரத்தையும் சடங்கையும் கேள்வி கேட்கும் அறிவு என்று அதை நாம் பழகியிருக்கிறோம். அந்த அறிவு தலைக்குள் எப்படி வேலை செய்கிறது, எப்போது தடுமாறுகிறது, ஒரு மனிதர் ஒரு சிக்கலை எப்படி அவிழ்க்கிறார் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன். இதை ஆராய்கிற துறைக்கு அறிதல் அறிவியல் என்று பெயர்.

இது ஏன் நமக்கு வேண்டும்? ஏனென்றால் சாதியிடம் மூளையைப் பற்றி ஒரு கொள்கை இருக்கிறது. சிலருக்குத் தலை, மற்றவருக்குக் கை. சிலர் யோசிக்கப் பிறந்தவர்கள், மற்றவர் சொன்னதைச் செய்யப் பிறந்தவர்கள். 1936ல் அம்பேத்கர் இதை மிகத் துல்லியமாகப் பிடித்தார். சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்றார். நான் கணக்கு ஆசிரியர். "இந்தப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வராது சார்" என்று ஆசிரியர் அறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "இந்தப் பிள்ளைங்க" யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு புதிரில் தொடங்குவோம். மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரிகிற பக்கங்களில் அ, க, 4, 7 என்று இருக்கிறது. விதி இதுதான்: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்?

இங்கே பலர் "அ, 4" என்றீர்கள். உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். சரியான விடை அ, 7. நான்குக்குப் பின்னால் எது இருந்தாலும் விதி மீறப்படாது. ஏழுக்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்தது. பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1966ல் எழுதிய புதிர் இது. பல்கலைக்கழக மாணவர்களிடம் வைத்தபோதும் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் சரியாகச் சொன்னார்கள்.

இப்போது அதையே நம் ஊருக்குக் கொண்டு வருவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை வாங்கக் கூடாது என்பது விதி. நான்கு சீட்டுகள். ஒரு பக்கம் ஈரப்பதம், மறுபக்கம் வாங்கியதா, திருப்பியதா என்ற விவரம். நமக்குத் தெரிவது: 22, 15, வாங்கியது, திருப்பியது. யாருக்காவது சலுகை காட்டி விதியை மீறியிருக்கிறார்களா என்று பார்க்க எந்தச் சீட்டுகளைத் திருப்புவீர்கள்?

உடனே சொல்லிவிட்டீர்கள். 22, வாங்கியது. இரண்டும் ஒரே புதிர்தான். எழுத்துக்குப் பதில் ஈரப்பதம், அவ்வளவுதான். மது அருந்தும் வயதை வைத்து அமெரிக்க மாணவர்களிடம் 1982ல் இதே மாதிரி ஒரு சோதனை நடந்தது. அதில் நான்கில் மூன்று பேர் அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள்.

யாரோ விதியை மீறி ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கும்போது மனித மனம் கூர்மையாகிறது. இந்த மாவட்டத்துப் பண்ணையாட்களுக்கு அந்தக் கூர்மை நிறையவே தேவைப்பட்டது. பி.சீனிவாசராவ் சேரி சேரியாகப் போய் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிய காலத்தில், சாணிப்பாலையும் சவுக்கடியையும் ஒழி என்ற முழக்கத்தோடு, முத்திரை போட்ட மரக்காலில் கூலி நெல் அள என்ற கோரிக்கையும் இருந்தது. மரக்காலில்தான் ஏமாற்று நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பள்ளிக்கூடம் போகாதவர்கள்.

அடுத்து, நடவு வயலுக்குப் போவோம். ஏக்கருக்கு 5,500 ரூபாய் என்று பேசிக் காண்ட்ராக்ட் எடுக்கிறார்கள். 12 பேர் இறங்குகிறார்கள். இரண்டு பேர் மதியத்தோடு கரை ஏறிவிட்டார்கள். சாயங்காலம் வரப்பில் நின்றபடி ஆள் சேர்த்து வந்த பெண் பங்கு பிரிக்கிறார். "ரெண்டு பேரு அரை ஆளு. ஆக மொத்தம் பதினோரு ஆளு. ஆளுக்கு ஐநூறு, அவங்களுக்கு எரநூத்தம்பது." பேனாவும் இல்லை, தாளும் இல்லை. இந்தக் கணக்கையே "x" வைத்துச் சமன்பாடாக எழுதி ஒன்பதாம் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள், பாதி வகுப்பு திணறும். அந்த அம்மாவின் மகளும் அந்த வகுப்பில் இருப்பாள். வீட்டில் அம்மாவுக்குப் பங்கு சரிபார்த்துக் கொடுக்கிறவள் அவள்தான்.

பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் டெரசின்யா கராஹரும் அவருடைய சகாக்களும் இதை அளந்து பார்த்தார்கள். ஆய்வு 1985ல் வெளியானது. தெருவில் இளநீரும் பழமும் விற்கிற ஏழைக் குழந்தைகளிடம் வாடிக்கையாளர்போலப் போய் விலை கேட்டார்கள். 98 சதவீதக் கணக்குகள் சரியாக வந்தன. அதே கணக்குகளைப் பிறகு தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. 35 விலையுள்ள காய் பத்து என்றால், மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் மூன்று 315, ஒன்று கூட்டினால் 350 என்று போகிறது குழந்தை. பின்னால் பூச்சியம் சேர்க்கும் பள்ளி வழி அங்கே கிடையாது. ஆனால் விடை தப்பவில்லை. எண்ணும் திறமை அந்தக் குழந்தையிடம் இருக்கிறது. பள்ளி அந்தத் திறமை வருகிற வழியை அடையாளம் காணவில்லை.

நம் பழைய அளவைகளைப் பாருங்கள். 20 மா ஒரு வேலி. "மா" என்ற சொல்லே எண்ணில் இருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒரு பங்கு, நிலத்துக்கும் அதே பெயர். நம் பின்னக் கணக்கு வயலோடும் நெல்லோடும் ஒட்டிக்கொண்டே வளர்ந்தது. வரப்பில் நின்று மாவும் காணியும் எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இப்போது பின்னம் வராது என்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "அப்படியென்றால் வயல் கணக்கே அவர்களுக்குப் போதுமே" என்று யாராவது தேனொழுகப் பேசினால் உஷாராக இருங்கள். 1953ல் ராஜாஜி கொண்டுவந்தது அதைத்தான். பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து இந்த மாநிலம் அதைத் தூக்கி எறிந்தது. நடவுப் பெண்ணின் மகளுக்கு அந்தச் சமன்பாடும் வேண்டும். அவள் வீட்டில் ஏற்கெனவே போடுகிற கணக்கிலிருந்து சமன்பாட்டுக்குப் பாலம் போடுவது ஆசிரியரின் வேலை. "உனக்கு வராது" என்று சொல்வது அந்த வேலையிலிருந்து தப்பிக்கிற வழி.

"வராது" என்ற சொல் என்ன செய்யும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். ஆதிக்கச் சாதிச் சிறுவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். சாதியைச் சொல்லாமல் நடத்தியபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு வேறு குழுக்களில், ஒவ்வொரு சிறுவனின் பெயரையும் ஊரையும் அப்பா, தாத்தா பெயர்களையும் சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. யாருக்குப் பரிசு என்பதில் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தபோது அந்த இடைவெளி மறைந்தது. அதாவது, நம்மை நியாயமாக மதிப்பிட மாட்டார்கள் என்ற எண்ணம் அந்தச் சிறுவர்களின் யோசனையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. 2004ல் வெளியான ஆய்வு இது.

நாங்குநேரி மாணவர் மீதான கொடூரத் தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024ல் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவரைச் சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது, சாதிக் கயிறு கூடாது என்றது. இதை வெறும் நாகரிகப் பிரச்சினையாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி "ஸ்காலர்ஷிப் யார் யாருக்கு?" என்று கேட்கிற ஒவ்வொரு முறையும் அந்த உத்தரப்பிரதேசச் சோதனையை நாம் நம் பிள்ளைகள் மேல் நடத்துகிறோம். பிறகு மதிப்பெண்ணைப் பார்த்துத் தகுதி, திறமை என்று பேசுகிறோம்.

வறுமையும் இதையே செய்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013ல் சயின்ஸ் இதழில் வந்தது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாட்களில் கொடுத்த சோதனையில் குறைவாகச் செய்தவர்கள், அறுவடைப் பணம் வந்த பிறகு கொடுத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். மனிதர்கள் அவர்களேதான், மூளையும் அதேதான். கடன் கவலை இறங்கியிருந்தது.

இதுவரை ஒடுக்கப்பட்டவர்களின் யோசனையைப் பற்றியே பேசினேன். இனி உயரமான நாற்காலிகளில் இருப்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் தீயில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970ல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட நிலவுடைமையாளர்கள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் இருந்த ஒரு வாதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெரும் நிலங்களுக்குச் சொந்தக்காரர்கள், முதல் எதிரி கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்கள் துணையில்லாமல் நேரில் நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்றது நீதிமன்றம்.

இந்த வாதத்தை ஐம்பது ஆண்டுகளாகக் கோபத்தோடு மேற்கோள் காட்டுகிறோம். ஒருமுறை அதை ஒரு கணக்காகப் பிரித்துப் பார்ப்போம்.

"பணக்காரர்கள் எல்லோரும் வேலைக்காரர் வைத்திருப்பவர்கள். வேலைக்காரர் வைத்திருப்பவர்கள் சிலர் எதையும் தாமாகச் செய்வதில்லை. ஆகவே பணக்காரர்கள் சிலர் எதையும் தாமாகச் செய்வதில்லை." சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றுகிறது. இப்போது இதைக் கேளுங்கள். "கூலிக்காரர்கள் எல்லோரும் உழைப்பவர்கள். உழைப்பவர்கள் சிலர் கோடீஸ்வரர்கள். ஆகவே கூலிக்காரர்கள் சிலர் கோடீஸ்வரர்கள்." சிரிக்கிறீர்கள். இரண்டும் ஒரே வடிவம், ஒரே ஓட்டை. முதலாவதில் முடிவு நம் நம்பிக்கைக்கு ஒத்துப்போனதால் ஓட்டை தெரியவில்லை. 1983ல் ஜொனாதன் எவன்ஸும் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். ஓட்டையான வாதத்தின் முடிவு நம்பும்படி இருந்தால் 71 சதவீதம் ஏற்றுக்கொண்டார்கள். நம்ப முடியாததாக இருந்தால் 10 சதவீதம்.

உயர் நீதிமன்றத்தின் வாதத்தில் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. முதலாளி கட்டளை இடுவார், கை அழுக்காகிற வேலையை வேலைக்காரன் செய்வான் என்ற நம்பிக்கை. நான் தொடக்கத்தில் சொன்ன சாதியின் கொள்கைதான் அது. தலை இவர்களுக்கு, கை அவர்களுக்கு. உழுவதற்கும் நடுவதற்கும் அளந்த அதே கோலால், கொளுத்துகிற கையும் கூலிக்காரன் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று அளந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு முன்னால் கண்ணால் கண்டவர்களின் சாட்சி எடுபடவில்லை. படிப்பும் பதவியும் இந்தத் தடுமாற்றத்திலிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அப்படியானால் எதுதான் காப்பாற்றும்? மீண்டும் அந்த நான்கு அட்டைகள். 1998ல் டேவிட் மோஷ்மனும் மோலி கெயிலும் அதைத் தனித்தனியாகக் கொடுத்தபோது 9 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து விவாதித்து முடிவெடுக்கச் சொன்னபோது 75 சதவீதக் குழுக்கள் சரியான விடைக்கு வந்தன. யாரோ ஒருவர் "இரு, அந்த ஏழைத் திருப்பிப் பார்த்தாயா?" என்று கேட்கிறார். மற்றவர்கள் மறுக்கிறார்கள், அவர் விளக்குகிறார், கடைசியில் ஏற்றுக்கொள்கிறார்கள். நம் ஓட்டை நமக்குத் தெரியாது, எதிரே இருப்பவருக்குத் தெரியும்.

அதற்கு எதிரே ஒருவர் இருக்க வேண்டும். வேறு வாழ்க்கை வாழ்ந்தவராக, பயமில்லாமல் மறுத்துப் பேசக்கூடியவராக இருக்க வேண்டும். சாதி செய்கிற முதல் வேலை அந்த ஆளை அறைக்கு வெளியே நிறுத்துவது. ஊர் வேறு, சேரி வேறு. ஆசிரியர் அறையில், தேர்வுக் குழுவில், நீதிபதி இருக்கையில், செய்தி அறையில் ஒரே மாதிரி வாழ்க்கை வாழ்ந்தவர்கள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலையாட்டினால் அங்கே முடிவுகள் வரும், பகுத்தறிவு வராது. இட ஒதுக்கீடு திறமையைக் கெடுக்கிறது என்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு குழு சரியாக யோசிக்க வேண்டுமென்றால், அதில் கேள்வி கேட்கக்கூடிய வேறு ஆட்கள் வேண்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் ஊரில், கல்லூரியில், நம் இயக்கத்திலும்கூட, ஒரு முடிவு எல்லோருக்கும் உடனே பிடித்துப்போனால் நிறுத்துங்கள். அந்த முடிவால் பாதிக்கப்படுகிற ஆள் இந்த அறையில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரை அழைத்து வந்து உட்கார வைத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.